தலையில் தங்கிய சிதறலும் மூக்கில் வழியும் நீரும்

மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையமே வெலிங்டனில் இருப்பதால், குன்னூர், அருவங்காடு, வெலிங்டன் பக்கம் பட்டாளத்துக்குப் போய் வந்தவர் இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. தலையில் குண்டுச் சிதறலோடு ஊர் திரும்பியவரின் வீட்டில் எப்போதும் ஒரே கேள்விதான் எழும்: "இரும்பை ஏன் எடுக்காம விட்டுட்டாங்க? உள்ளேயே கிடந்தா சீழ் பிடிச்சுடாதா?" நியாயமான கேள்வி. ஆனால் கவலை தவறான இடத்தில் போய் நிற்கிறது. மூளைக்குள் ஆழத்தில் கிடக்கும் சின்ன உலோகத் துண்டு பெரும்பாலும் சும்மா கிடக்கும். அதே ஆளின் மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தையல் ஓரத்திலிருந்தோ தெளிவாகச் சொட்டும் மூளைநீர்தான் (மூளையைச் சூழ்ந்திருக்கும் நீர்) உயிரை எடுக்கும். அந்த நீரை வீட்டில் யாரும் பொருட்படுத்துவதில்லை. மலைக்குளிரில் மூக்கு ஒழுகாத ஆள் யார்?

சுடச்சுடப் பாயும் தோட்டாவில் கிருமி இருக்காது என்று ஒரு நம்பிக்கை பட்டாளத்திலேயே உண்டு. அது உண்மையில்லை. துப்பாக்கிச் சூட்டின் வெப்பம் தோட்டாவின் மேல் இருக்கும் கிருமியைக் கொல்லப் போதாது. அதைவிட, கிருமியை உள்ளே கொண்டுபோவதில் உலோகத்தின் பங்கு குறைவு. வேகமாகப் பாயும் துண்டு மூளைத்திசுவை ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் விரித்துத் தள்ளி, பின்னால் வெற்றிடம் போன்ற ஒரு குழியை உண்டாக்குகிறது. அந்தக் குழி சுருங்கும்போது தலைமுடி, தோல் துணுக்கு, தொப்பித் துணி, மண் எல்லாம் உள்ளே இழுபடும். உடைந்த மண்டையோட்டின் சில்லுகளும் கூடவே போகும். முடியும் தோலும் ஒட்டிய இந்த எலும்புச் சில்லுதான் சீழ்கட்டிக்கு முதல் விதை.

இதைக் கண்டுகொள்ள மருத்துவத்துக்கு பல போர்கள் பிடித்தன. 1917-இல் பெல்ஜியப் போர்முனையில் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், மெல்லிய ரப்பர் குழாயை காயப்பாதைக்குள் விட்டு, நைந்த மூளையையும் எலும்புச் சில்லையும் உறிஞ்சி எடுத்து, தலைத்தோலை முழுதாக மூடினார். மூன்று மாதத்தில் சாவு விகிதம் 54.5 சதவீதத்திலிருந்து 28.8 சதவீதமாக இறங்கியது. ஆன்டிபயாடிக் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலம் அது. அடுத்த உலகப்போரில் ஹியூ கெய்ர்ன்ஸ் போன்ற மூளை அறுவை மருத்துவர்கள் பென்சிலினையும் நடமாடும் மூளை அறுவை யூனிட்டுகளையும் களத்துக்கே கொண்டுபோனார்கள். வியட்நாம் காலத்தில் விதி கடுமையானது: எக்ஸ்ரே ஒரு எலும்புச் சில்லைக் காட்டினால் மறுபடி திறந்து அதை எடு. இப்படித் துரத்தித் துரத்தி எடுத்ததில் நல்ல மூளைத்திசுவும் போனது, ஆளின் பேச்சும் நடையும் போயின.

மாற்றம் 1980-களில் வந்தது. சி.டி. ஸ்கேன் கைக்கு வந்தபின், லெபனான் போரில் காயம்பட்டவர்களுக்கு இஸ்ரேலிய மருத்துவர்கள் கைக்கு எட்டியதை மட்டும் எடுத்துவிட்டு ஆழத்தில் இருந்ததை விட்டார்கள். ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்ததில், தங்கிப்போன துண்டுக்கும் தொற்றுக்கும் நேரடித் தொடர்பு தெரியவில்லை. ஈரான்–ஈராக் போரில் காயம்பட்டவர்களை ஆராய்ந்த அனுபவமும் அதே பக்கம்தான் கை காட்டியது: மூளைநீர் கசிந்தால் தொற்று. கசிவை அடைத்தால் பாதிச் சண்டை முடிந்தது. வியட்நாமில் காயம்பட்ட 1,133 பேரைப் பற்றி 1981-இல் வெளிவந்த கணக்கு இதைப் பட்டவர்த்தனமாகக் காட்டுகிறது. அவர்களில் 101 பேருக்குக் கசிவு. கசிவு இருந்தவர்களில் 49.5 சதவீதம் பேருக்குத் தொற்று வந்தது, இல்லாதவர்களில் 4.6 சதவீதம். பத்து மடங்கு வித்தியாசம். இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படிக்கும் காரணம் புரிந்துவிடும்.

முதல் சில மணி நேரம்

காயத்துக்குள் விரல் விடக் கூடாது, கம்பி விடக் கூடாது, செருகி நிற்கும் பொருளைப் பிடுங்கக் கூடாது. அந்தப் பொருள் ஒரு ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டு நிற்கலாம். அதை எடுக்கவேண்டிய இடம் ஆபரேஷன் தியேட்டர். மூளை வெளியே தெரிந்தால் சலைனில் நனைத்த சுத்தமான காஸ் துணியை அழுத்தாமல் மேலே போட்டு, தளர்வாகக் கட்டு. ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், குளோர்ஹெக்சிடின் மூன்றும் மூளைத்திசுவுக்கு நஞ்சு. அவற்றைத் திறந்த மண்டைக்குள் ஊற்றுவது காயத்தோடு இன்னொரு காயம். ரத்தம் நிற்கட்டும் என்று காப்பித்தூளை அப்பும் பழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. கைகால் வெட்டிலேயே அது கெடுதல். திறந்த மண்டையில் அந்தத் தூள் மூளை உறைக்கு உள்ளே போய்ச் சேரும், பிறகு முழுதாக எடுக்கவே முடியாது.

மூச்சுப்பாதை, ஆக்சிஜன், ரத்த அழுத்தம் இவை முதலில். மேல் அழுத்தம் 110-க்குக் கீழே இறங்கவிடக் கூடாது. முகமும் மண்டை அடிப்பகுதியும் உடைந்திருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் மூக்கு வழியாக எந்தக் குழாயும் போடக் கூடாது. குழாய் உடைப்பு வழியே நேராக மண்டைக்குள் நுழைந்த கேஸ்கள் உண்டு. டி.டி. ஊசி போட்டாயிற்றா என்று கேட்டு, போடாதவருக்கு அதோடு டெட்டனஸ் இம்யூனோகுளோபுலின் 250 யூனிட், காயம் மிக அழுக்காக இருந்தாலோ ஒரு நாள் தாண்டியிருந்தாலோ 500.

ஆன்டிபயாடிக்கை மலை மேலேயே தொடங்கிவிட வேண்டும், கீழே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. மேட்டுப்பாளையம் இறங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல். ஐப்பசி, கார்த்திகையில் மண்சரிவு விழுந்தால் எத்தனை மணி நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. பெரியவர்களுக்கு அமெரிக்க ராணுவ வழிகாட்டுதல் சொல்வது செஃபசோலின் 2 கிராம் நரம்பு வழியாக, 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. மண்ணோ சாணமோ இலைதழையோ உள்ளே போயிருந்தால் அதோடு மெட்ரோனிடசோல் 500 மி.கி., 8 முதல் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. பிரிட்டிஷ் பரிந்துரையில் கோ-அமாக்சிகிளாவ் 1.2 கிராம், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. காலம் 5 நாள். அமெரிக்க வழிகாட்டுதல்படி கசிவு இருந்தால் அது அடைபடும்வரை. முதல் டோஸ் எத்தனை மணிக்குப் போட்டது என்பதை ரெஃபரல் சீட்டில் பெரிதாக எழுதினால், கோவையில் அடுத்த டோஸ் தவறாது.

பயத்தில் எடுத்த எடுப்பிலேயே மெரோபெனம் போன்ற பலமான ஆன்டிபயாடிக் போடுவதும், ஐந்து நாளை மூன்று வாரமாக இழுப்பதும் தொற்றைத் தடுப்பதில்லை. எளிய கிருமிகளைக் கொன்று, அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா போன்ற முரட்டுக் கிருமிகளுக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் காயம்பட்டவர்களிடம் அசினெட்டோபாக்டர் தலைவலியானதற்குக் களத்து மண்ணைவிட மருத்துவமனைச் சூழலே காரணம் என்று பின்னர் தெரிந்தது. பலமான மருந்தை உண்மையான தொற்றுக்கு மிச்சம் வைக்க வேண்டும்.

தியேட்டரில் நடப்பது

காயம்பட்ட 12 மணி நேரத்துக்குள் அறுவை நடந்தால் தொற்று குறைகிறது என்பதுதான் வழிகாட்டுதல். செய்வது இவ்வளவு: தலைத்தோலின் செத்த ஓரத்தைச் செதுக்கி எடுப்பது, உடைந்த எலும்பைச் சுற்றித் திறப்பது, கண்ணுக்குத் தெரியும் முடி, துணி, சில்லு, நைந்த திசு, ரத்தக்கட்டி இவற்றைக் குறைந்த அழுத்தத்தில் சலைன் விட்டு உறிஞ்சி எடுப்பது. ஆழத்தில் இருப்பதைத் தேடி நல்ல மூளையைக் கிளறுவதில்லை. பிறகுதான் முக்கியமான வேலை: மூளை உறையைத் தண்ணீர் கசியாதபடி மூடுவது. உறை கிழிந்து போதாமல் இருந்தால் மண்டையோட்டின் மேல்சவ்வையோ தொடையிலிருந்து எடுத்த சவ்வையோ ஒட்டுப்போட்டுத் தைப்பார்கள். அதன் மேல் தலைத்தோலை இரண்டு அடுக்காக, இழுவிசை இல்லாமல். இழுத்துப் பிடித்துத் தைத்த தோல் ஒரு வாரத்தில் பிரியும், பிரிந்த இடமே கிருமிக்கு வாசல்.

நெற்றி சைனஸ் (நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறை) வழியாகப் பாய்ந்த காயம் தனி ரகம். சைனஸின் பின்சுவர் உடைந்தால் மூக்கின் காற்றும் சளியும் மூளை உறையோடு நேரடித் தொடர்பில் வந்துவிடுகின்றன. பின்சுவரை எடுத்து, உள்சவ்வை ஒரு துளி விடாமல் சுரண்டி, மூக்குக்குப் போகும் வழியை அடைத்து, மேல்சவ்வு மடலைப் போர்த்த வேண்டும். சவ்வு கொஞ்சம் மிஞ்சினாலும் அது திரும்ப வளர்ந்து சளிப்பையாகி, பல ஆண்டுக்குப் பின் சீழ் பிடிக்கும்.

மூக்குநீரா, மூளைநீரா

கசிவு எப்போதும் காயத்தின் வாயில் வருவதில்லை. அடியின் அதிர்ச்சியில் தொலைவில் மண்டை அடிப்பகுதி விரிசல் விட்டிருந்தால், காயம் நன்றாக ஆறியிருக்க, மூக்கிலோ காதிலோ நீர் சொட்டும். பெரும்பாலான கசிவுகள் முதல் இரண்டு வாரத்துக்குள் தலைகாட்டும். அதாவது டிஸ்சார்ஜ் ஆகி, மலையேறி வீட்டுக்கு வந்த பிறகும் தொடங்கலாம்.

மார்கழி, தை உறைபனியில் ஊட்டியில் எல்லோருக்கும் மூக்கு ஒழுகும். அதில் இதைப் பிரித்தறிய வேண்டும். சளி இரண்டு மூக்கிலும் வரும், பிசுக்கென்று இருக்கும், கைக்குட்டையில் காய்ந்தால் துணி விறைக்கும். மூளைநீர் பெரும்பாலும் ஒரு பக்க மூக்கில் மட்டும் வரும். தண்ணீர் போலத் தெளிவு. காலையில் எழுந்து ஷூ லேஸ் கட்டக் குனிந்தால் சட்டென்று சொட்டும், கைக்குட்டையில் காய்ந்தாலும் துணி மெத்தென்றே இருக்கும். படுத்திருக்கும்போது தொண்டைக்குள் உப்புக்கரிக்கும் நீர் இறங்குகிறது என்று சிலர் சொல்வார்கள். இரத்தத்தோடு கலந்து வந்தால் தலையணை உறையில் நடுவில் சிவப்பு, சுற்றி வெளிர் வளையம் என்று படியும். இது சந்தேகத்துக்குப் போதும், தீர்ப்புக்குப் போதாது. சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பில் சோதிப்பது நம்பத்தக்கதல்ல, சளியும் கண்ணீரும்கூட அதில் பச்சைக்கொடி காட்டும். சுத்தமான சின்னக் குப்பியில் அந்த நீரைப் பிடித்து பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் (மூளைநீரைக் காட்டிக்கொடுக்கும் புரதம்) பரிசோதனைக்கு அனுப்புவதுதான் உறுதி.

கசிவு உறுதியானால் தலையை 30 டிகிரி உயர்த்திப் படுக்கை, மலச்சிக்கல் வராமல் மருந்து, மூக்கைச் சிந்தாமல், தும்மலை வாயைத் திறந்து விடுவது. இதிலேயே பல கசிவுகள் தானாக அடைபடும். அடைபடாவிட்டால் முதுகில் மெல்லிய குழாய் வைத்துச் சில நாள் நீரை வடிப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் அறுவை. நீடித்த கசிவு உள்ளவருக்கு நிமோகாக்கல் தடுப்பூசியும் தேவை.

மலைவாசிகளுக்கு இதில் கூடுதலாக ஒன்று உண்டு, கீழே இருக்கும் மருத்துவமனையில் யாரும் கேட்காமலேயே போய்விடக்கூடியது. மண்டை உடைந்து கசிவு இருந்தால் உள்ளே காற்றும் புகுந்திருக்கும். கோவை சுமார் 410 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது. அடைபட்ட காற்று விரியப் பார்க்கிறது. கோவையிலிருந்து ஊட்டி வருவதற்குள் அது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு பெருக்க முயலும். உள்ளே ஒரு சிட்டிகைக் காற்று என்றால் பிரச்சினையில்லை. நெற்றிப் பக்கம் பெரிய காற்றுப்பையாக இருந்தால் தலைவலி, மயக்கம், அதற்கு மேலும் ஆகலாம். சாதாரணமாக அந்தக் காற்று இரண்டு மூன்று வாரத்தில் உறிஞ்சப்பட்டுவிடும். டிஸ்சார்ஜ் அன்றைக்கு "வீடு ஊட்டியில், கோத்தகிரியில்" என்று சொல்லி, கடைசி ஸ்கேனில் காற்று போய்விட்டதா என்று கேட்டுவிட்டு வண்டி ஏறுவது நல்லது.

இன்னொன்று காது அடைப்பு. பர்லியார் தாண்டியதும் காது கும்மென்று அடைக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதி விடுவது எல்லோருக்கும் பழக்கம். ஆறாத உடைப்பு உள்ளவர் அப்படி ஊதினால் மூக்கின் காற்றும் கிருமியும் சேர்ந்து மண்டைக்குள் தள்ளப்படும். மிட்டாய் சப்பி எச்சில் விழுங்கினாலே காது திறந்துவிடும். காட் ரோட்டில் வாந்தி எடுத்ததை வண்டி மயக்கம் என்று விடுவதும் இங்கே சகஜம். வீடு சேர்ந்து இரவு தூங்கி எழுந்த பிறகும் தலைவலியும் வாந்தியும் இருந்தால் அதற்குக் காரணம் வண்டி இல்லை.

சீழ்கட்டி

காயத்துக்குப் பின் வரும் தொற்றுகளில் பாதிக்கு மேல் முதல் மூன்று வாரத்தில் வருகின்றன, பத்தில் ஒன்பது ஆறு வாரத்துக்குள். அந்த ஆறு வாரம்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கவேண்டிய காலம். கழுத்து விறைப்பும் காய்ச்சலும் வெளிச்சம் பார்க்கக் கூச்சமும் என்றால் மூளைக்காய்ச்சல், அது யாருக்கும் பிடிபடும். சீழ்கட்டி அப்படிப் பிடிபடாது. காய்ச்சல், தலைவலி, ஒரு பக்கம் பலவீனம் மூன்றும் சேர்ந்து வருவது ஐந்தில் ஒருவருக்குத்தான். ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காய்ச்சலே இருக்காது. நாளுக்கு நாள் கூடும் தலைவலி, புதிதாக வந்த பிட்ஸ், முன்பு தெளிவாகப் பேசியவர் சொல் தேடித் தடுமாறுவது, ஆறிய தழும்பு திரும்ப உப்பி நிற்பது. இவற்றில் ஒன்று போதும், கிளம்பிவிட வேண்டும். வியட்நாம் காயமாளிகள் 1,221 பேரில் சீழ்கட்டி வந்தது 3 சதவீதம் பேருக்குத்தான். ஆனால் வந்தவர்களில் பாதிக்கும் மேல் இறந்துபோனார்கள். அது பெரும்பாலும் சி.டி.க்கு முந்திய காலம். இன்று கதை அவ்வளவு மோசமில்லை, நேரத்தில் கண்டுபிடித்தால்.

முதல் ஒன்பது நாள்வரை மூளைத்திசு வீங்கிச் சொதசொதவென்று இருக்குமே தவிர கட்டி உருவாவதில்லை. பத்தாம் நாள்வாக்கில் சுற்றிலும் தோல் கட்டத் தொடங்கும், பதினாலாம் நாளுக்கு மேல் அது கெட்டிப்படும். தோல் கட்டியபின் மருந்து மட்டும் உள்ளே போய்ச் சேராது. 2.5 செ.மீ.க்கு மேல் இருந்தால் ஊசி வைத்துச் சீழை உறிஞ்ச வேண்டும். உள்ளே எலும்புச் சில்லோ துணியோ கிடந்து அதைச் சுற்றிக் கட்டியிருந்தால் உறிஞ்சுவது போதாது, திரும்பத் திரும்ப ஊறும். அப்போதுதான் துண்டோடு சேர்த்துக் கட்டியை முழுதாக எடுக்கவேண்டும். இத்தனை நாள் சும்மா விட்ட துண்டை இப்போது ஏன் எடுக்கிறார்கள் என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

இந்த நிலையில் ஸ்கேன் பார்க்காமல் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கக் கூடாது. மேலே அழுத்தம் இருக்கும்போது கீழே நீரை எடுத்தால் மூளைத்தண்டு கீழ்நோக்கி இறங்கி, மூச்சு நிற்கலாம்.

மருந்து வழக்கமாக வான்கோமைசினும் மெரோபெனமும் (2 கிராம், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை), கல்ச்சர் (எந்தக் கிருமி என்று காட்டும் சோதனை) முடிவு வந்ததும் அதற்கேற்ப மாற்றம். ஆறு முதல் எட்டு வாரம் நரம்பு வழியாக. இங்கேதான் மலைக் குடும்பங்கள் உடைந்துபோகின்றன. கோவையில் அறை வாடகை, சாப்பாடு, இலைபறிக்கும் நாட்கூலி போனது. இரண்டாம் வாரம் காய்ச்சல் நின்றதும் "மாத்திரை எழுதிக் குடுங்க சார், ஊருக்குப் போறோம்" என்று கேட்பதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் காய்ச்சல் நிற்பதும் கட்டி கரைவதும் ஒன்றல்ல. நீண்டநாள் கையில் நிற்கும் பிக் லைன் போட்டு, மிச்ச ஊசியைக் குன்னூரிலோ ஊட்டியிலோ அரசு மருத்துவமனையில் தொடரவும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு மட்டும் கீழே போய் வரவும் முடியுமா என்று கேட்கலாம். முன்னாள் படைவீரர் என்றால் இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டையை முதல் நாளே காட்டுவது செலவைக் குறைக்கும்.

ஒரு மருந்துச் சிக்கலைக் கட்டாயம் சொல்லவேண்டும். பிட்ஸுக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவருக்கு மெரோபெனம் போட்டால், வால்ப்ரோயேட்டின் அளவு ஒன்றிரண்டு நாளில் தரைதட்டிவிடும். மாத்திரையைக் கூட்டினாலும் ஏறாது. அப்போது வரும் பிட்ஸைத் தொற்று முற்றியது என்று நினைத்துத் திண்டாடுவார்கள். லெவெடிரசெட்டம் போன்ற வேறு மருந்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. மெட்ரோனிடசோல் பல வாரம் ஓடும்போது பாதம் மரத்தாலோ நடை தள்ளாடினாலோ உடனே சொல்லவேண்டும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும்.

கரடி அடித்தால்

நீலகிரியில் போரை அறியாத குடும்பத்துக்கும் இந்த அறிவு பயன்படும். தேயிலைக் காட்டில் கரடி பாய்ந்தால் முதலில் முகத்தையும் தலையையும்தான் பிறாண்டும். தோல் உரிந்த பெரிய காயத்தை எல்லோரும் பார்ப்பார்கள். கோரைப்பல் மண்டையோட்டில் போட்ட சின்னத் துளை முடிக்குள் மறைந்துவிடும். அதனால் கரடி கடித்த தலை எதுவானாலும் சி.டி. எடுத்தாக வேண்டும். வாய்க்கிருமிகளை மனத்தில் வைத்து இங்கே கோ-அமாக்சிகிளாவ் பொருத்தம். கூடவே ரேபிஸ் தடுப்பூசியும் ரேபிஸ் இம்யூனோகுளோபுலினும். பட்டாளக் காயத்துக்கு இது தேவையில்லை என்பதால் மறந்துபோகிற வாய்ப்பு அதிகம்.

துண்டோடு வாழ்வது

தலையில் ஊடுருவிய காயத்தோடு திரும்பிய வியட்நாம் வீரர்களில் 53 சதவீதம் பேருக்கு 15 ஆண்டுக்குள் வலிப்பு வந்திருந்தது. அதனால் பல ஆண்டு கழித்து வரும் பிட்ஸைத் தழும்பின் வேலை என்று மருந்தைக் கூட்டி அனுப்பிவிடுவது எளிது. அதற்கு முன் ஒருமுறை, சாய மருந்து ஏற்றிய சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும், பத்து இருபது ஆண்டுக்குப் பின்னும் பழைய சில்லைச் சுற்றிச் சீழ் கட்டியது உண்டு. திறந்துவிட்ட மண்டையோட்டை மூடும் அறுவையையும் அவசரப்படுத்தக் கூடாது. தொற்று வந்திருந்த தலைக்கு, அது அடங்கி ஆறு மாதமாவது போகட்டும்.

எம்.ஆர்.ஐ. விஷயத்தில் விளையாட்டே வேண்டாம். ஷெல் சிதறல் பெரும்பாலும் எஃகு. காந்தப்புலத்தில் அது நகர்ந்து பக்கத்து ரத்தக்குழாயைக் கிழிக்கலாம். முழங்கால் வலிக்கு எம்.ஆர்.ஐ. எழுதும் மருத்துவருக்குத் தலைக்குள் இருப்பது தெரியாது, இருபது வருடத் தழும்பை முடி மூடியிருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி சி.டி. ஸ்கேன் பதிந்த குறுந்தட்டு, துண்டு எந்தப் பக்கம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்ற ஒரு வரி, ஒவ்வாத மருந்துகள், சாப்பிடும் பிட்ஸ் மாத்திரையின் பெயர் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு, நீலகிரி ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்து, இ.சி.எச்.எஸ். அட்டையோடு சேர்த்துக் கட்டி வைக்கவேண்டும். எந்த ஸ்கேன் அறைக்குப் போனாலும் அந்த உறையை முதலில் நீட்டவேண்டும். அது கையில் இல்லாத நாளில், மண்டையை ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டால் போதும். உலோகம் வெள்ளையாகத் தெரிந்துவிடும்.